நடுவில் ஒரு வளைவு

அஸ்தம்பட்டி, சேலம்
9 பிப்ரவரி 2025

அறிவுச்செல்விக்கு,

உன்னோடு பேசுவதில்லை என்ற முடிவில் மாற்றம் ஒன்றும் இல்லை. உன் நம்பரை என் போனில் தடுத்து வைத்திருக்கிறேன், அது அப்படியேதான் இருக்கும். போன வருஷம் சென்னைக் கண்காட்சியில் அத்தனை பேர் முன்னால் என் படத்துக்கு எதிரே நின்றுகொண்டு, "எனக்கு ஒண்ணுமே அசையலையே லிடியா, இதென்ன கண்கட்டு வித்தையா?" என்று கேட்டுச் சிரித்தாயே, அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். நிறத்தைப் பார்க்கத் தெரிந்த கண் எனக்குத் தெரிந்து இந்தப் பக்கத்தில் உனக்கு மட்டும்தான் இருக்கிறது. என் தம்பி ஜெபஸ்டின் மாடியிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டு, "நல்லாருக்குக்கா, ஜமுக்காளம் மாதிரி" என்கிறான். அவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

போனில் எடுத்தால் நிறம் பொய் சொல்லும் என்பதால் நாம் இருவரும் எப்போதும் தாளில் பூசித் தபாலில்தான் அனுப்பிக்கொள்வோம். சண்டை வேறு, அந்த வழக்கம் வேறு. இதோடு ஒரு துண்டு வைத்திருக்கிறேன். சிவப்புப் பட்டை, பச்சைப் பட்டை, மாறி மாறி. இரண்டுக்கும் வெளிச்சம் ஒன்றே. கறுப்பு வெள்ளையில் பார்த்தால் எது சிவப்பு எது பச்சை என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு பட்டைக்கும் நடுவே நூல் கனத்தில் ஒரு சாம்பல் கோடு. எல்லாம் ஒரே கிண்ணத்துச் சாம்பல்தான். ஆனால் பச்சைக்குள் ஓடும்போது ரோஸ் அடிக்கும், சிவப்புக்குள் ஓடும்போது பாசி பிடித்தது மாதிரி ஆகிவிடும். இதுவரைக்கும் உனக்குத் தெரிந்த கதைதான்.

தெரியாதது இனிமேல்தான். நடுவில் கோடுகள் வளைகின்றன, அறிவு! துணிக்குக் கீழே யாரோ உள்ளங்கையை வைத்து மேலே தள்ளுகிற மாதிரி புடைத்து வருகிறது. நான் எதையும் வளைக்கவில்லை. எல்லாம் டேப் ஒட்டி ஸ்கேல் வைத்துப் போட்ட நேர்கோடு. பட்டையின் அகலத்தையும் மாற்றவில்லை. கோட்டைத் தொடாமல், நிறத்தை வைத்தே கோட்டை வளைக்க முடியுமா என்று எத்தனை வருஷமாக முட்டிக்கொண்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

ஏப்ரல் கடைசியில் சென்னையில் பெரிய கண்காட்சி. ஆறடியில் ஒரு படம் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஆனால் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருக்கிறது. இது எனக்கு மட்டும்தான் தெரிகிறதோ என்ற பயம். ட்யூப்லைட்டில் பார்க்காதே. ஜன்னல் வெளிச்சத்தில், கையை நீட்டிப் பிடித்துப் பார். என்ன தெரிகிறது என்று எழுது.

லிடியா

*

நாமக்கல்
13 பிப்ரவரி 2025

அன்புள்ள லிடியா,

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஸ்டாஃப் ரூமில் உட்கார முடியவில்லை. எழுந்து மைதானத்துக்கே போய்விட்டேன். சென்னையில் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அன்றைக்கே பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். சொல்லப் போன் போட்டால் நீ எடுக்கவில்லை, அப்புறம் போன் உள்ளேயே போகவில்லை.

துண்டைப் பார்த்தேன். நீ சொன்னபடி ஜன்னல் வெளிச்சத்தில், கையை நீட்டித்தான் பார்த்தேன். சிவப்பும் பச்சையும் சேர்கிற ஓரம் கொதிக்கிற பால் மாதிரி நடுங்குகிறது. சாம்பல் கோடுகள் ஒரே சாம்பல்தான் என்று நீ எழுதியிருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். வீட்டுக்கு எடுத்துப் போய் எங்கள் வீட்டுக்காரர் சின்னராஜிடமும் காட்டினேன். கண் கூசுகிறது என்றார்.

நடுவில் வளைவும் தெரிகிறது. நீ சொன்ன இடத்தில்தான். முதலில் பிடிபடவில்லை, பார்க்கப் பார்க்கத் தெரிந்தது. தைரியமாக ஆறடியில் போடு.

இங்கே பொதுத்தேர்வு வருகிறது. ஓவிய வகுப்பையெல்லாம் ரத்து செய்து எங்களை விடுதி மேற்பார்வைக்குப் போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் படிக்கிற நேரத்தில் எங்களுக்கும் போன் கிடையாது. அதனால் கடிதமே எனக்கும் வசதி. மறுபடியும் எழுதினாயே, அதுவே போதும்.

உன்
அறிவு

*

அஸ்தம்பட்டி
20 பிப்ரவரி 2025

அறிவு, என் தங்கமே,

"தெரிகிறது" என்று நீ எழுதிய வரியைக் கிழித்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். நீ சொன்னால் அது உண்மை. உனக்கு மெச்சிப் பேச வராது என்பது எனக்குத் தெரியாதா?

பெரிய படத்தை ஆரம்பித்துவிட்டேன். டேப் ஒட்டி ஒட்டி நகமெல்லாம் போய்விட்டது. ஆனால் பலன் உண்டு. வளைவு நாளுக்கு நாள் பலமாகிறது. துண்டில் லேசாகத் தெரிந்தது, இப்போது படத்தின் நடுப்பகுதியையே உள்ளே இழுக்கிறது. இடது பக்கம் பார்த்தால் இடது பக்கம் வளைகிறது, வலது பக்கம் பார்த்தால் அங்கே வருகிறது. கண் போகிற இடத்துக்கெல்லாம் கூடவே வருகிறது! இப்படி ஒன்றை நான் இதுவரை எங்கும் பார்த்ததில்லை.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். படத்தின் பாதிப்பு கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. மாடிப்படி கிரில் நெளிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்து நேராகப் பூசைக்குப் போனேன், சாமியார் பிரசங்கம் வைக்கும்போது பார்த்தால் அவர் மூக்கு ஒரு பக்கமாக இழுபடுகிறது. சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். நேற்று டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றினேன். ஏற்காடு ரோட்டில் ஸ்கூட்டியை ஓரங்கட்டும்போது நடைபாதைக் கல்லில் ஏற்றிவிட்டேன், முட்டியில் கொஞ்சம் சிராய்ப்பு. ஜெபஸ்டின், "அக்கா, அந்தப் படத்தை வெறிச்சுப் பாக்காத, பைத்தியம் பிடிச்சிரும்" என்கிறான்.

பைத்தியம் பிடித்தாலும் பரவாயில்லை. படம் முடிந்தால் போதும்.

லிடியா

*

நாமக்கல்
24 பிப்ரவரி 2025

லிடியா,

இதை உட்கார்ந்து படி. படித்து முடிக்கும்வரை கோபப்படாதே.

எனக்கு வளைவு தெரியவில்லை. நான் எழுதியது பொய். ஓரம் நடுங்கியது உண்மை, சாம்பல் மாறியது உண்மை. கோடுகள் எல்லாம் நேராகத்தான் இருந்தன. சின்னராஜிடம் காட்டி, "நல்லாப் பாருங்க, நடுவுல எங்கியாச்சு வளையுதுங்களா?" என்று கேட்டேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்ணு கூசுது புள்ள, மத்தபடி எல்லாம் நேராத்தான போகுது" என்றார். கண் கூசியதை மட்டும் உனக்கு எழுதினேன்.

போன தடவை தெரியவில்லை என்று சொல்லித்தான் உன்னை இழந்தேன். இந்தத் தடவையும் அதையே சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சிலருக்குத் தெரியும், சிலருக்குத் தெரியாது, நம் தொழிலில் அது சகஜம்தானே, தெரிகிறது என்று சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு படத்தைப் பார்த்து எழுந்தால் அதன் சாயல் கண்ணில் கொஞ்ச நேரம்தான் இருக்கும், அப்புறம் கலைந்துவிடும். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை எழுந்து நேராகக் கோயிலுக்குப் போயிருக்கிறாய், படத்தைப் பார்க்கவே இல்லை. அப்புறம் சாமியாரின் மூக்கு எதனால் இழுபட்டது? வளைவு படத்தில் இருந்தால் படத்தோடு இருக்க வேண்டும். அது உன் கண் போகிற இடமெல்லாம் வருகிறது என்றால் அது எங்கே இருக்கிறது, லிடியா?

உன் வலது கண் சின்ன வயதிலிருந்தே மங்கல். இடது கண் ஒன்றை வைத்துத்தான் நீ இத்தனையும் வரைந்திருக்கிறாய். அந்தக் கண்ணுக்கும் எவ்வளவு பவர் என்று எனக்குத் தெரியும், கல்லூரியில் உன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துத் தலை சுற்றி விழுந்தவள் நான். நாளைக்கே கண் டாக்டரிடம் போ. கெஞ்சிக் கேட்கிறேன். ஸ்கூட்டியைத் தொடாதே, ஜெபஸ்டினைக் கூட்டிக்கொண்டு போ. அவன் நம்பர் என்னிடம் இருந்திருந்தால் நானே அவனிடம் சொல்லியிருப்பேன்.

அறிவு

*

அஸ்தம்பட்டி
27 பிப்ரவரி 2025

அறிவுச்செல்வி,

முதலில் தெரிகிறது என்றாய். ஆறடிப் படம் உருவாகிறது என்று கேள்விப்பட்டதும் தெரியவில்லை என்கிறாய். இதில் எது பொய்? முதலில் சொன்னதா, இப்போது சொல்வதா? பொய் சொன்னேன் என்று நீயே எழுதிக் கொடுத்துவிட்டு, இதை மட்டும் நம்பு என்றால் எப்படி நம்புவது?

நீ பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தாய், படம் போடுவதை விட்டாய். அது உன் விருப்பம். நான் விடவில்லை என்பது உனக்கு ஏன் இப்படி உறுத்துகிறது? என் கண் போய்விட்டது என்று சொல்லும் அளவுக்கா?

கண்ணாடியை மாற்ற வேண்டியிருக்கலாம். ரொம்ப நாளாகிவிட்டது, கண்காட்சி முடிந்ததும் மாற்றிக்கொள்வேன். ஸ்கூட்டியை நானே எடுப்பதில்லை, வெயில் அதிகம் என்பதால். நீ சொன்னதால் அல்ல.

இப்போது மருத்துவமனைக்குப் போனால் அவர்கள் எதையாவது சொல்வார்கள். கண்ணில் மருந்தை ஊற்றி நாள் முழுக்க உட்கார வைப்பார்கள். எனக்கு நேரம் இல்லை. இனி எழுதாதே. எழுதினாலும் பிரிக்க மாட்டேன்.

லிடியா

*

உன் வீட்டு வாசல், அஸ்தம்பட்டி
2 மார்ச் 2025, ஞாயிறு

லிடியா,

பெல் அடித்தேன். உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, அடித்ததும் நின்றுவிட்டது. நீ உள்ளேதான் இருக்கிறாய். மாடியில் பூட்டு தொங்குகிறது, ஜெபஸ்டினையும் காணோம். விடுதியில் கெஞ்சி அனுமதி வாங்கி வந்தேன், சாயங்காலத்துக்குள் திரும்ப வேண்டும். அதனால் படியில் உட்கார்ந்து எழுதிக் கதவுக்கடியில் தள்ளுகிறேன்.

நீ கடிதத்தைப் பிரிக்க மாட்டாய் என்பதால் கவரில் போடவில்லை. கூட இருக்கிற தாளைப் பார். என் வகுப்புப் பிள்ளைகள் கணக்குப் போடுகிற கட்டத்தாள். கட்டங்களை மட்டும் கறுப்பு மையில் அழுத்தி இழுத்து, நடுவில் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். இதில் சிவப்பு இல்லை, பச்சை இல்லை, சாம்பல் இல்லை. உன் வித்தையும் இல்லை, என் பொறாமையும் இல்லை. வெறும் கட்டம்.

கண்ணாடியைப் போட்டுக்கொள். ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு புள்ளியை மட்டும் பார். அப்புறம் மற்றக் கண்ணை மூடிக்கொண்டு பார். வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்குப் பதில் எழுதக்கூட வேண்டாம், ஜெபஸ்டினிடம் சொன்னால் போதும்.

எனக்குப் பயமாக இருக்கிறது, லிடியா. நீ பயப்படாமல் இருப்பதால் உன் பயத்தையும் சேர்த்து நான் படுகிறேன்.

அறிவு

*

அஸ்தம்பட்டி
3 மார்ச் 2025

அறிவு,

நீ கேட்டைச் சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் தாளை எடுத்தேன்.

இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். வலது கண்தானே, மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் கட்டம் கட்டமாக இருந்தது. வலது கண்ணை மூடினேன். ஓரத்தில் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. புள்ளிக்குப் பக்கத்தில் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உள்ளே இழுக்கின்றன. புள்ளிக்குக் கீழே கொஞ்சம் இடத்தில் கட்டமே இல்லை. சாம்பல்.

நீ ஏதோ தந்திரம் செய்திருக்கிறாய் என்று தாளை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். தாள்தான் திரும்பியது. வளைவு அதே இடத்தில் நின்றது.

அப்புறம் பெரிய படத்துக்கு முன்னால் போய் இடது கண்ணைப் பொத்திக்கொண்டேன். இத்தனை நாளில் ஒரு தடவைகூட அப்படிச் செய்யவில்லை, ஏன் செய்ய வேண்டும், மங்கல் கண்ணால் யார் படம் பார்ப்பார்கள்? எல்லாப் பட்டையும் நேராகக் கீழே இறங்கின. ஒன்றுமே வளையவில்லை. ஜெபஸ்டின் சொன்ன ஜமுக்காளம்தான்.

சேசுவே, எனக்கு இருப்பதே ஒரு கண் அறிவு. நாளைக் காலை ஜெபஸ்டின் கூட்டிப் போகிறான். கூரியர்காரர் வந்து நிற்கிறார்.

லிடியா

*

அஸ்தம்பட்டி
10 மார்ச் 2025

அறிவு,

விழித்திரைக்குக் கீழே வேண்டாத ரத்தக்குழாய் முளைத்துக் கசிகிறதாம். பவர் அதிகமாக உள்ளவர்களுக்கு இப்படி வருமாம். டாக்டர் நல்ல மாதிரி, சத்தம் போடவில்லை. "கோடு வளைஞ்சு தெரிஞ்சா எல்லாரும் மறுநாளே பயந்து ஓடி வருவாங்க. நீங்க ஏம்மா இவ்வளவு நாள் இருந்தீங்க?" என்று கேட்டார். சந்தோஷமாக இருந்தேன் டாக்டர் என்று சொல்ல முடியுமா? ஜெபஸ்டின்தான், "அக்கா படம் வரையறவங்க சார்" என்றான். அவருக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை.

அன்றைக்கே கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். மரத்துப்போக மருந்து விட்டார்கள், வலி அவ்வளவாக இல்லை. ஆனால் ஊசி வருவது தெரிந்தது. என்னிடம் உள்ள ஒரே கண்ணை இமை மூடாமல் மாட்டி வைத்துக்கொண்டு, அதை நோக்கி ஊசி வருவதை அந்தக் கண்ணாலேயே பார்க்க வேண்டும். அதன்பிறகு கண் முழுக்க ரத்தச் சிவப்பு. கறுப்பாக ஏதோ மிதந்தது, அது மட்டும் இப்போது போய்விட்டது. வளைவு போகவில்லை. சாம்பலும் போகவில்லை. மாதம் ஒன்று என்று இன்னும் போட வேண்டுமாம். முன்பே வந்திருந்தால் சரியாகிவிடும் என்று நிச்சயமாகச் சொல்லியிருப்பாராம், இப்போது பார்க்கலாம் என்கிறார்.

நான் இனி போகப்போவதில்லை. ஜெபஸ்டினிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். ஊசியில் கை தவறினால் இருப்பதும் போய்விடும். வளைந்தாவது தெரிகிறதே, ஓரமாவது தெரிகிறதே. என்னால் மறுபடியும் அந்த மேஜையில் படுக்க முடியாது.

சென்னைக்குப் படம் வராது என்று எழுதிவிட்டேன். காரணம் கேட்டார்கள். அந்தப் படம் தெரிகிற ஒரே ஆள் நான்தான் என்று சொன்னேன்.

லிடியா

*

நாமக்கல்
14 மார்ச் 2025

லிடியா,

நீ ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும், எனக்கும் எழுத ஆசைதான். ஆனால் எழுத மாட்டேன். தெரியாததைத் தெரிகிறது என்று ஒரு தடவை சொன்னதே போதும். சரியாகுமா என்று எனக்குத் தெரியாது. ஊசி போடாவிட்டால் அந்தச் சாம்பல் இடம் பெரிதாகும் என்பது மட்டும் தெரியும். இங்கே ஒரு கண் டாக்டரிடம் போய் உன் கதையைச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் பொய் எழுதிய நாளிலிருந்து நீ ஆஸ்பத்திரிக்குப் போன நாள்வரை உன் கண்ணுக்குள் கசிந்ததற்கு நானும் பொறுப்பு. அதை நீ மறக்க வேண்டாம், நானும் மறக்கப்போவதில்லை. விடுதியில் அட்டவணை எழுதக் கரும்பலகையில் நேர்கோடு போட்டால்கூட என் கண்ணை நம்ப முடிவதில்லை. பின்னால் திரும்பிப் பிள்ளைகளிடம், "நேரா இருக்கா?" என்று கேட்கிறேன். டீச்சருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள்.

அடுத்த ஊசிக்கு நான் வருகிறேன். சின்னராஜ், "லீவு தரலீனா வேலைய உட்டுட்டுப் போ, அந்தப் புள்ளையத் தனியா உடாத" என்றார். உள்ளே விடமாட்டார்கள், கதவுக்கு வெளியே நிற்பேன். உள்ளே போவதற்கு முன் உன் கையைப் பிடித்துக்கொள்வேன். நீ உதறினாலும் விடமாட்டேன். கதவை மட்டும் திற.

அறிவு

*

அஸ்தம்பட்டி
4 மே 2025

அறிவு,

இப்போதுதான் தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்பாய். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். வரி கோணினால் மன்னித்துக்கொள்.

இரண்டாவது ஊசியன்று நீ என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்திய தடம் ரொம்ப நேரம் இருந்தது. உள்ளே படுத்துக்கொண்டு அதைத்தான் தடவிக்கொண்டிருந்தேன். மூன்றாவதும் போட்டாகிவிட்டது. கசிவு வற்றியிருக்கிறது என்கிறார் டாக்டர். திரும்ப வராது என்று சொல்லமாட்டாராம். எப்போது வேண்டுமானாலும் வரலாம், கோடு நெளிந்தால் அன்றைக்கே வரவேண்டும் என்றார். புள்ளிக்குக் கீழே இருந்த அந்த இடம் மங்கலாகவே நிற்கிறது, அது அப்படியே இருந்துவிடும் போலிருக்கிறது. உன் பொய்யை மன்னித்துவிட்டேனா என்று நீ கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்கும் தெரியவில்லை. நீ வாசலில் வந்து உட்காராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பது மட்டும் தெரியும்.

சொல்ல வந்தது வேறு. சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த பெரிய படத்தை நேற்று ஜெபஸ்டினை விட்டுத் திருப்பிப் போடச் சொன்னேன். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன்.

அது செத்துக்கிடக்கிறது, அறிவு. சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை. ஓரம் மட்டும் கொஞ்சம் நடுங்குகிறது. எதுவும் எழும்பவில்லை, எதுவும் உள்ளே இழுக்கவில்லை. மேலே ஆரம்பித்த கோடு நேராகக் கீழே வந்து முடிகிறது. இவ்வளவு மோசமான ஒரு படத்தை நான் போட்டதே இல்லை. அதன் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஜெபஸ்டின் பயந்துபோய், "என்னக்கா, மறுபடியும் வளையுதா?" என்று ஓடி வந்தான். இல்லடா, நேரா இருக்குடா, எல்லாம் நேரா இருக்குடா என்றேன்.

அதை எரிக்கவில்லை. கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டச் சொல்லிவிட்டேன். இனி தினமும் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வேலையாக அதைத்தான் பார்ப்பேன். இன்று காலையும் பார்த்தேன். தட்டையாக, உயிரில்லாமல், அசிங்கமாக இருந்தது. எழுந்து போய் டீ போட்டேன். என்றாவது ஒரு நாள் அது அழகாகத் தெரிந்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது.

லிடியா